ப்ரே வயட் இறந்துவிட்டாராம். கதை இல்லை, நிஜமாகவே

மின்மினி | 25 ஆகஸ்ட் 2023, அதிகாலை 4.41

தூக்கம் வராமல் போனைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனத்தின் நிர்வாகி ட்ரிபிள் எச் ட்விட்டரில் போட்டிருக்கிறார், நம் மல்யுத்த வீரர் ப்ரே வயட் காலமாகிவிட்டார் என்று. வயது 36. யாராவது விழித்திருக்கிறீர்களா? இதைத் தனியாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அரைத்தூக்கம் | 4.46

சும்மா இருங்கள். கணக்கை யாராவது ஹேக் செய்திருப்பார்கள்.

முயல்வேட்டை | 4.52

நிகழ்ச்சிக்காக எழுதிய கதையாகத்தான் இருக்கும். போன செப்டம்பரில் என்ன செய்தார்கள்? அரங்கத்தில் விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை முயல் பாட்டைப் போட்டார்கள். திரையில் எங்கோ ஓரத்தில் க்யூஆர் கோட். ஸ்கேன் செய்தால் புதிர், அதற்குள் இன்னொரு புதிர். நாம் இதே இடத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். இப்போது பிப்ரவரியிலிருந்து ஆளைக் காணோம். திரும்பி வந்தால் சாதாரணமாகவா வருவார்? செத்துப் பிழைப்பதுதானே அந்த ஆளுக்குத் தொழில்.

கயிற்றோரம் | 5.03

தம்பி, ட்வீட்டை இன்னொரு தடவை நிதானமாகப் படி. விண்டம் ரொட்டுண்டா என்று இயற்பெயரைப் போட்டிருக்கிறார். அப்பா மைக் ரொட்டுண்டாவே போன் செய்து சொன்னதாக எழுதியிருக்கிறார். இருபது வருஷத்துக்கும் மேலாக இதைப் பார்க்கிறவன் சொல்கிறேன், இயற்பெயர் முன்னால் வந்துவிட்டால் விளையாட்டு நின்றுவிட்டது என்று பொருள். 2005 நவம்பரில் எடி கெரேரோ இறந்தபோதும் நாங்கள் இதே மாதிரிதான் அரை நாள் நம்பாமல் இருந்தோம். அப்புறம் மேடையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள், மணி பத்து முறை அடித்தது.

முயல்வேட்டை | 5.05

ஐயோ.

முயல்வேட்டை | 5.11

அண்ணா, மேலே நான் எழுதியதை அழித்துவிடட்டுமா? படிக்கவே கூசுகிறது.

கயிற்றோரம் | 5.14

இருக்கட்டும் விடு. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். நம்மை அப்படிப் பழக்கி வைத்ததே அவர்தான்.

ஓய்வறை | 5.40

நேற்று முன்தினம்தான் டெர்ரி ஃபங்க் போனார். அவருக்கு 79 வயது. 1975ல் என்டபிள்யூஏ என்ற மல்யுத்த அமைப்பின் உலகச் சாம்பியன் ஆனவர், அதற்குப் பிறகு எத்தனை தடவை ஓய்வு பெற்றார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துவிடுவார். அந்தச் செய்திக்கு இரங்கல் எழுதி முடித்துவிட்டுத்தான் படுத்தேன். அவர் வாழ்ந்து முடித்தவர், அந்த வருத்தம் வேறு மாதிரி. இது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பச்சைத்தண்ணி | 6.02

நான் சமீபத்தில்தான் பார்க்க ஆரம்பித்தேன். இவர் சண்டை போட்டு நான் பார்த்தது ஒன்றே ஒன்று, இருட்டில் பெயின்ட் எல்லாம் பளபளக்க ஒரு மேட்ச். சத்தியமாக அது எனக்குப் பிடிக்கவே இல்லை. இங்கே எல்லாரும் இவ்வளவு உடைந்து போயிருப்பதைப் பார்த்தால் எதையோ தவறவிட்டுவிட்டேன் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கயிற்றோரம் | 6.38

இனித் தூக்கம் கிடையாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

ஃப்ளோரிடாவில் ப்ரூக்ஸ்வில் என்ற ஊரில் 1987 மே 23 அன்று பிறந்தவர். தாத்தா பிளாக்ஜாக் முல்லிகன், மாமா பேரி விண்டம். அப்பாவை எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும், ஐஆர்எஸ் என்ற பெயரில் வருவார். டை, தோளில் வார், கையில் பெட்டி. வருமான வரி அதிகாரி வேஷம். ரிங்கில் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தையே வரி ஏய்ப்பவர்கள் என்று திட்டுவார். தம்பி போ டாலஸும் மல்யுத்த வீரர்தான். ஆக, அந்த வீட்டில் இது குலத்தொழில்.

2010ல் முதன்முதலில் டிவியில் வந்தபோது பெயர் ஹஸ்கி ஹாரிஸ். கொஞ்சம் பூசின உடம்பு, அதையே பெயராக வைத்து ஒரு கிண்டல். நெக்ஸஸ் கும்பலில் பத்தோடு பதினொன்றாக நின்றார். 2011 ஜனவரியில் ராண்டி ஆர்ட்டன் தலையில் ஒரு உதை விட்டு அனுப்பிவைத்தார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பலருக்கு அதோடு முடிந்தும் இருக்கிறது. இவர் பயிற்சிக் களத்துக்குத் திரும்பிப் போய், 2012ல் பூப்போட்ட சட்டையும் தொப்பியும் தாடியுமாக ஒரு சாமியாரை உருவாக்கிக்கொண்டு வந்தார். அதுதான் ப்ரே வயட். லூக் ஹார்ப்பர், எரிக் ரோவன் என்று இரண்டு சீடர்கள். ரோவனுக்கு முகத்தில் ஆட்டு முகமூடி. 2013 ஜூலை 8 அன்று ரா என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சியில் மூன்று பேரும் வந்து கேன் என்ற வீரரை அடித்துப்போட்டார்கள். அடித்ததைவிட அதற்கு முன்னால் நடந்ததுதான் விஷயம்.

அரங்கம் முழுக்க இருட்டாகிவிடும். ஒரு ஓரத்தில் அரிக்கேன் விளக்கு ஒன்று மட்டும் தெரியும். அந்த வெளிச்சத்தில் அவர் ரிங்கை நோக்கி நடப்பார், அவசரமே இருக்காது. பின்னால் மெதுவான ஒரு கிட்டார் பாட்டு. ரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஆடுநாற்காலி போட்டிருக்கும். அதில் உட்காருவார், முன்னும் பின்னும் நாலு ஆட்டம், அப்புறம் விளக்கை முகத்துக்கு நேரே தூக்கி உஃப் என்று ஊதுவார். பளிச்சென்று எல்லா விளக்கும் வந்துவிடும். அவ்வளவுதான். ஒரு அடிகூட விழாமல் கூட்டம் அவர் கைக்குப் போய்விடும்.

மின்மினி | 6.51

அண்ணா, போன் விளக்கை விட்டுவிட்டீர்களே. ஆரம்பத்தில் அது கிடையாது. அந்த இருட்டில் கூட்டத்தில் யாரோ போன் டார்ச்சை எரியவிட்டு ஆட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவரும் எரியவிட, போகப்போக அரங்கம் முழுக்க ஆயிரக்கணக்கில். அவர் அதற்கு மின்மினிகள் என்று பெயர் வைத்தார், பார்க்கிற நம்மையும் அப்படியே கூப்பிட்டார். என் பெயர் இங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை, அதனால் இப்போது சொல்லிவிட்டேன்.

பச்சைத்தண்ணி | 6.58

பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாற்காலி ஆடுகிறது பாருங்கள்... நன்றி அண்ணா.

ஊதாச்சட்டை | 7.20

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. இன்றைக்கு எல்லாரும் மேதை, மாமேதை என்று எழுதுவார்கள். உயிரோடு இருந்தபோது என்ன செய்தார்கள்? வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவை எடுங்கள். 30ல் ஜான் சீனாவிடம் தோல்வி. 31ல் அண்டர்டேக்கரிடம் தோல்வி. 33ல் சாம்பியனாகப் போய் ஆர்ட்டனிடம் தோல்வி, அதுவும் ரிங் தரையில் புழுவும் பூச்சியும் படமாக ஓட. 37ல் மறுபடியும் ஆர்ட்டன், மறுபடியும் தோல்வி. ஒருவரோடு ஒருவர் மோதியதில் அந்த மேடையில் அவர் ஜெயித்தது 36ல் மட்டும்தான், அன்றைக்கு அரங்கத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. யார் ஜெயிப்பது என்று இவர்கள்தானே முடிவு செய்கிறார்கள், இது என்ன புக்கிங்?

2019 ஹெல் இன் எ செல்லை யாராவது மறந்திருக்கிறீர்களா? ஃபீண்ட் என்ற அவருடைய முகமூடிப் பேய் வேஷம் உச்சத்தில் இருக்கிறது. எதிராளி ராலின்ஸ் நாற்காலி, ஏணி, கருவிப்பெட்டி, சம்மட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தார், கடைசியில் நடுவர் மேட்சையே நிறுத்திவிட்டார். கூண்டுக்குள் நடக்கிற மேட்சில்! கூட்டம் காசைத் திருப்பிக் கொடு என்று கத்தியது. அக்டோபர் 31 அன்று ரியாத்தில் பட்டத்தைக் கொடுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அதே ரியாத்தில் கோல்ட்பெர்க் வந்து சுமார் மூன்று நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 2021 ஜூலை 31 அன்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் நேற்று மொத்தமாக ஒரு ட்வீட்.

தாழ்வாரம் | 7.34

ஊதா, நீங்கள் சொல்வது எல்லாம் சரிதான், நானும் இதே மன்றத்தில் பக்கம் பக்கமாகத் திட்டியவள்தான். இன்றைக்கு வேண்டாமே.

ஊதாச்சட்டை | 7.37

இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது?

தாழ்வாரம் | 7.59

சரி, அப்படியானால் நானும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

ரெஸில்மேனியா 30ல் அவர் தோற்றார் என்றீர்கள். நான் அந்த மேட்சை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. நடுவில் ஒரு இடம் வரும். வயட் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரும்பு நாற்காலியைச் சீனாவிடம் கொடுத்து, அடி என்பார். கைகளை விரித்துக்கொண்டு சிரிப்பார். நீ நல்லவன் இல்லை, அதை இவர்களுக்குக் காட்டு என்பதுதான் அதற்கு அர்த்தம். சீனா ஓங்குவார், ஆனால் அடிக்க மாட்டார். மேட்சில் ஜெயித்ததும் சீனாதான்.

ஆறு வருஷம் கழித்து, 2020 ஏப்ரல். கொரோனாவால் காலி அரங்கம். அவர் நடத்திய பொம்மை நிகழ்ச்சியின் பெயரில் ஃபயர்ஃப்ளை ஃபன் ஹவுஸ் மேட்ச் என்று ஒன்று. ரிங்கே கிடையாது. சீனாவை அவருடைய சொந்த வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போவார் வயட். 2002ல் முதல் நாள் வந்து நின்ற அதே அரைக்கால் சட்டை, அதே வசனம், ஆனால் வீசுகிற கை எதிலும் படாது. கிழவர் பொம்மை ஒன்று கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மஹன் மாதிரி உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். கடைசியில் அந்த நாற்காலிக் காட்சி திரும்பவும் வரும். அதே முட்டி, அதே சிரிப்பு. இந்தத் தடவை சீனா முழு வேகத்தில் அடித்துவிடுவார். அடித்த இடத்தில் ஆள் இருக்க மாட்டார். பின்னால் ஃபீண்ட் நிற்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தோற்றதை எடுத்து இப்படித் தைத்திருக்கிறார். 30ல் வயட் ஜெயித்திருந்தால் இந்தக் காட்சி கிடையாது. அந்தத் தோல்வி சரி என்று நான் சொல்லவில்லை, அன்றைக்கு நானும் ரிமோட்டைத் தூக்கி எறிந்தவள்தான். ஆனால் கெட்டுப்போன கதையைக் கையில் கொடுத்தால்கூட அதை வைத்து இன்னொன்று செய்துவிடுகிற ஆள் அவர். ஹஸ்கி என்ற கிண்டல் பெயரையே பிறகு பன்றி பொம்மை ஆக்கி ஃபன் ஹவுஸில் உட்கார வைத்துவிட்டார், கவனித்தீர்களா?

ஊதாச்சட்டை | 8.06

கவனிக்கவில்லை. ஹஸ்கஸ்! அட.

முயல்வேட்டை | 8.10

மெர்சி என்ற கழுகு, அபி என்ற சூனியக்காரி, ஹஸ்கஸ், அப்புறம் ராம்ப்ளிங் ராபிட். அந்த முயல் ஒவ்வொரு தடவையும் செத்துப்போகும், அடுத்த வாரம் வந்துவிடும். என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதனால்தானோ என்னவோ, காலையில் அப்படி எழுதிவிட்டேன்.

ஒற்றைக்கண் | 8.42

36 வயது ஆளுக்கு எப்படி மாரடைப்பு வரும்? தடுப்பூசி ப

*[இந்தப் பதிவின் மீதி நீக்கப்பட்டது]*

மட்டுறுத்துநர் | 8.44

ஊகங்கள் இங்கே வேண்டாம். ஃபைட்ஃபுல் என்ற மல்யுத்தச் செய்தித் தளத்தின் ஷான் ராஸ் சாப், குடும்பத்தின் அனுமதியோடுதான் வெளியிட்டிருக்கிறார்: இந்த ஆண்டில் வந்த கோவிட், இதயத்தில் இருந்த பிரச்சினையை மோசமாக்கியது. மாரடைப்பு. அவ்வளவுதான் தகவல். அதற்கு மேல் மருத்துவம் பேச வேண்டுமானால் வேறு இழை திறந்துகொள்ளுங்கள், அதையும் பூட்டத்தான் போகிறேன்.

ஓய்வறை | 9.15

மட்டுறுத்துநர் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று மட்டும். இந்தத் தொழிலில் சின்ன வயதில் போனவர்கள் பட்டியல் ரொம்ப நீளம். பிரையன் பில்மன் 35, பிரிட்டிஷ் புல்டாக் 39, எடி 38, உமாகா 36. எடி போன பிறகுதான் 2006ல் டபிள்யூடபிள்யூஇ உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தையே கொண்டுவந்தது, இதயப் பரிசோதனையும் அதில் உண்டு. அந்தத் தலைமுறையில் வலி மாத்திரை, ஸ்டீராய்டு, வருஷத்துக்கு முந்நூறு நாள் பயணம் என்று காரணம் சொல்ல ஏதாவது இருக்கும். வயட்டின் பெயரைப் பழக்க தோஷத்தில் அந்தப் பட்டியலில் கோக்காதீர்கள். இது காய்ச்சலில் விழுந்து எழுந்த எந்த வீட்டிலும் நடந்திருக்கக்கூடியது. பிப்ரவரியில் பாபி லாஷ்லியோடு கதை தொடங்கி ரெஸில்மேனியாவுக்குள் அப்படியே நின்றுபோனபோது, நாம் இங்கே அது என்ன சதி என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். மனிதர் நிஜமாகவே படுத்திருந்திருக்கிறார்.

அரைத்தூக்கம் | 9.22

நான் எழுதினேன், "கதை எழுத வரவில்லை என்றால் இப்படித்தான் ஆளை ஒளித்து வைப்பார்கள்" என்று. மார்ச் மாதம். இப்போது தேடி எடுத்துப் பார்த்தேன்.

ரிங்மணி | 11.30

எனக்கு இவரைப் பிடிக்காது. பிடிக்காது என்று நூறு தடவையாவது எழுதியிருப்பேன், தேடினால் கிடைக்கும். ரெஸ்லிங் என்றால் ரிங்கில் என்ன செய்கிறாய் என்பதுதான் எனக்கு. கன்ஜூரிங் பேய்ப்பட வேலை எல்லாம் எதற்கு என்பேன். ரிங்கில் சிவப்பு விளக்கைப் போட்டு யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் செய்த காலத்தில் டிவியையே அணைத்தேன். அதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2014 பிப்ரவரி, எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சி, வயட் குடும்பமும் ஷீல்ட் என்ற மூவர் அணியும். ஆறு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. அதற்குள் கூட்டம் எழுந்து கத்த ஆரம்பித்துவிட்டது, இது அற்புதம் என்று. நானும்தான். அன்றைக்கு ரிங்கில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆள் ஓடி வந்து மோதுகிற வேகம் இருக்கிறதே! பின்பக்கமாக வளைந்து நாலு காலில் சிலந்தி மாதிரி நடப்பார், அதைச் செய்து பார்த்து நான் ஒரு வாரம் முதுகு பிடித்துக் கிடந்தேன். பிடிக்காத ஆளைப் போலச் செய்து பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

தாழ்வாரம் | 11.41

ரிங்மணி, காலையிலிருந்து இப்போதுதான் சிரித்தேன்.

சின்னவள் | மதியம் 1.05

நானும் அண்ணனும் சேர்ந்துதான் பார்ப்போம். அந்த அரிக்கேன் விளக்கு வந்தாலே நான் தலையணைக்குப் பின்னால் போய்விடுவேன், அண்ணன் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுவான். 2014ல் சின்னப் பிள்ளைகளைக் கோரஸ் பாட வைத்துக் கூட்டி வந்து, அத்தனை பேரும் ஆட்டு முகமூடி போட்டுச் சீனாவைச் சுற்றி நின்றார்களே, அதற்குப் பிறகு பல நாள் எனக்குத் தனியாக மாடிக்குப் போகப் பயம். இப்போது அண்ணன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். இன்று காலை மெசேஜ் வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை, அந்த விளக்கின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தான்.

கயிற்றோரம் | 2.20

லூக் ஹார்ப்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ப்ரோடி லீ என்ற பெயரில் ஏஇடபிள்யூ என்ற போட்டிக் கம்பெனிக்குப் போய், 2020 டிசம்பர் 26 அன்று நுரையீரல் நோயில் போனார், 41 வயதில். அப்போது வயட் எழுதிய இரங்கலைப் படித்தவர்களுக்குத் தெரியும், ரிங்கில் சீடன், வெளியில் கூடப்பிறக்காத அண்ணன். இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை... கணக்கு தப்பு, இரண்டே முக்கால் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குடும்பத்தில் முதலில் வந்த மூன்று பேரில் இப்போது ரோவன் மட்டும்தான் மிச்சம்.

மின்மினி | 2.48

2022 அக்டோபரில் திரும்பி வந்தபோது பேசினாரே, நினைவிருக்கிறதா? எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ் நிகழ்ச்சியின் முடிவில் பொம்மைகள் எல்லாம் மனித உருவில் அரங்கத்துக்குள் அங்கங்கே நிற்க, ஒரு கதவு திறந்து, விளக்கோடு வந்தார். பிலடெல்ஃபியா கூட்டம் போட்ட சத்தத்தில் வர்ணனையே கேட்கவில்லை. அது 8ஆம் தேதி. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்மாக்டவுன் என்ற இன்னொரு வாராந்திர நிகழ்ச்சியில் முகமூடி இல்லாமல், வேஷம் இல்லாமல் ரிங்கில் நின்றார். முதல் தடவையாக நானாக நிற்கிறேன் என்கிற மாதிரி சொன்னார். வேலை போனதையும், தன்மேல் இருந்த நம்பிக்கை போனதையும், நெருங்கிய இரண்டு பேரைப் பறிகொடுத்ததையும் சொன்னார். வெளியே போனால் யாராவது வந்து, நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று சொல்வார்களாம். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இதுவும் கதைக்கான நடிப்பு என்று அன்றைக்கு இங்கே பாதிப் பேர் எழுதினோம். நான் உட்பட.

பச்சைத்தண்ணி | 3.10

நான் பார்த்த அந்த இருட்டு மேட்சுக்குப் பெயர் பிட்ச் பிளாக்காம், எல்ஏ நைட் என்ற வீரரோடு, ஜனவரி 28, ராயல் ரம்பிள். ஒரு குளிர்பான விளம்பரத்துக்காக வைத்ததாம். டிவியில் வந்த கடைசி மேட்ச் அதுதானாம்.

ஊதாச்சட்டை | 3.12

நான் வாயைத் திறக்கவில்லை.

ரிங்மணி | 3.30

அதற்கு ஐந்து நாள் முன்னால் ராவின் முப்பதாம் ஆண்டு விழா நடந்தது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அண்டர்டேக்கர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எல்ஏ நைட்டின் கழுத்தைப் பிடித்தார், ஆனால் அவர் அடிக்கவில்லை, ஆளை வயட் பக்கம் தள்ளிவிட்டார். வயட் சிஸ்டர் அபிகெயில் என்ற தன் கடைசி அடியைப் போட்டு முடித்தார். வெளியே போகிற வழியில் அண்டர்டேக்கர் நின்று, வயட்டின் தோளைத் தொட்டு, காதில் ஏதோ சொன்னார். மைக்கில் விழவில்லை. வயட்டின் முகம் ஒரு நொடி வேஷத்தை விட்டு வெளியே வந்தது. அதை நான் பார்த்தேன். பிடிக்காதவன் பார்த்தேன்.

மின்மினி | 26 ஆகஸ்ட் 2023, காலை 8.20

ஸ்மாக்டவுன் பார்த்தீர்களா? மேடையில் அந்த ஆடுநாற்காலியும் விளக்கும் மட்டும் வைத்திருந்தார்கள். பத்து மணியோசை, டெர்ரி ஃபங்குக்கும் சேர்த்து. வயட் குடும்பத்தில் பிறகு சேர்ந்த ஸ்ட்ரோமனும் ரோவனும் வந்து நின்றார்கள், ரோவன் இப்போது கம்பெனியில் இல்லை, இதற்காகவே வந்திருக்கிறார். விளக்கை அணைத்ததும் லூயிவில் கூட்டம் போனைத் தூக்கியது.

எத்தனையோ தடவை அந்த விளக்குகளுக்கு நடுவே நாற்காலி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அது ஆடவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சின்னவள் | 8.31

அண்ணனும் நானும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். பேசவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஓய்வறை | 28 ஆகஸ்ட் 2023, காலை 10.05

வெம்ப்ளியில் ஏஇடபிள்யூ நிகழ்ச்சியிலும் ஹவுஸ் ஆஃப் பிளாக் என்ற அணி நுழைந்தபோது அரங்கம் முழுக்கப் போன் விளக்குகள். போட்டிக் கம்பெனி, வேறு நாடு, வேறு கூட்டம். யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

ஊதாச்சட்டை | 10.12

டிக்கெட் வாங்கிய கூட்டத்தை நம்பலாம். புக்கிங் செய்கிறவர்களைத்தான்... சரி, விடுங்கள்.

முயல்வேட்டை | 18 ஜூன் 2024, காலை 9.47

இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். ரா பார்த்தீர்களா? முடிவில் மேடைக்குப் பின்னால் எல்லாரும் அடிபட்டுக் கிடக்கிறார்கள், புகை, விளக்கு மினுங்குகிறது. வீராங்கனை நிக்கி கிராஸ் தரையில் தவழ்ந்து வருகிறார். ஒவ்வொருவராக அந்தப் பொம்மைகளின் முகத்தோடு வருகிறார்கள். கடைசியில் வயட்டின் கதையில் வந்த முகமூடிக்காரர் அங்கிள் ஹவுடி, கையில் விளக்கு. முகமூடிக்குள்ளே போ டாலஸ். சொந்தத் தம்பி. ரோவனும் இருக்கிறார்.

கயிற்றோரம் | 10.20

பார்த்தேன். அண்ணன் எழுதி வைத்துவிட்டுப் போனதைத் தம்பி எடுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. எனக்குப் பெருமையாக இருப்பதா, பாவமாக இருப்பதா என்று தெரியவில்லை. செத்துப்போன அண்ணனின் பொம்மைகளோடு வாரா வாரம் வேலைக்குப் போவதென்றால் நினைத்துப் பாருங்கள்.

ரிங்மணி | 10.33

எனக்கு இந்தப் பேய் வேலை இன்னும் பிடிக்கவில்லை. கடைசி வரை பார்த்தேன்.

தாழ்வாரம் | 9 ஜூலை 2024, இரவு 9.15

அந்த வீடியோ டேப் பகுதியைத் தாமதமாக இப்போதுதான் பார்த்தேன். ஹவுடி கேள்வி கேட்கிறார், எதிரே போ டாலஸ் முகமூடி இல்லாமல் உட்கார்ந்து பதில் சொல்கிறார். இரண்டும் ஒரே ஆள். அண்ணன் போனதைப் பற்றி முகமூடி கேட்கக் கேட்க, முகம் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறது. இதை ரெஸ்லிங் நிகழ்ச்சியில் காட்டுகிறார்கள். ஊதா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஊதாச்சட்டை | 9.26

ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மின்மினி | 9.58

அன்று ராவில் ஹவுடி விளக்கோடு வந்ததை நான் அக்கா வீட்டில் பார்த்தேன். டிவியில் அரங்கம் இருட்டானதும் என் கை தானாகப் போய்ப் போன் டார்ச்சை எரியவிட்டிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. இருட்டில் என்னடா தேடுகிறாய் என்றாள் அக்கா. செருப்பு என்றேன்.